சங்கிலிக் கதவைத் திறந்த கை

ஜனவரி 12

அன்புள்ள சின்னவளுக்கு,

எனக்குத் தலைசுற்றல் வரவில்லை. கருத்தரங்கில் உன் மகன் கட்டுரை வாசித்துக்கொண்டிருந்தபோது நான் மயக்கம் வந்து எழுந்து போனதாகவும், ரத்த அழுத்தம் என்றும், பாவம் வயதாகிவிட்டது என்றும் குடும்பத்தில் பேச்சு நடப்பதாகக் கேள்வி. என் ரத்த அழுத்தம் உன்னுடையதைவிட ஒழுங்காக இருக்கிறது. நான் கோபம் வந்து எழுந்து போனேன். முன்வரிசையில், ‘நாவலாசிரியரின் துணைவியார்’ என்று சீட்டு ஒட்டிய நாற்காலியிலிருந்து எழுந்து, நடுவழியாக, யார் கையையும் பிடிக்காமல் வாசல்வரை நடந்தேன். மயக்கம் வந்தவர்கள் அப்படி நடப்பதில்லை.

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். கான்வென்ட்டில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் இதைப் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதச் சொல்லியிருப்பார். முழங்கால் வலி குறைந்ததா? கண் ஆபரேஷனை இன்னும் தள்ளிப்போடுகிறாயா?

உன் அண்ணன் எழுதிய நாவலை உன் மகன் சமூகவியல் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளட்டும். ‘நவீன நகரக் குடும்பத்தின் தோற்றம்: ஒரு நாவலின் சாட்சியம்’ என்று தலைப்பு. அதில் ஒரு அத்தியாயம் முழுக்க அந்தக் கதவுக் காட்சிதான். புருஷன் வீட்டில் அடி வாங்கிக்கொண்டு, இடுப்பில் குழந்தையும் கையில் பெட்டியுமாக வந்து நிற்கும் நாத்தனாரை, கதவின் சங்கிலியைக்கூடக் கழற்றாமல் இடுக்கு வழியாகவே பேசித் திருப்பி அனுப்பும் மனைவி. படித்தவள், நாகரிகமானவள், நெஞ்சில் ஈரமில்லாதவள். ரத்த உறவு விருந்தாளியாக மாறிய கணம் அதுதான் என்றான் உன் மகன். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இது வெறும் கற்பனை இல்லைங்க. அந்த இடுப்புக் குழந்தை நான்தான்” என்றான். அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது.

நாவல் வெளிவந்த காலத்தில் நான் வேலை பார்த்த டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்குச் ‘சங்கிலி அக்கா’ என்று பெயர் வைத்தார்கள். பொறுத்துக்கொண்டேன். கதையில் எந்தக் கதவையும் யாரும் திறக்கலாம். ஆராய்ச்சியில் அப்படி முடியாது. அவனிடம் நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்று உனக்குத் தெரியும்.

போனில் கூப்பிடாதே. உத்தியோகம் முழுக்க மற்றவர்களைப் போனில் இணைத்துவிட்டவள் நான். போனில் சொன்னதை மறுநாள் யாரும் சொன்னதாக ஒப்புக்கொள்வதில்லை.

உன் அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

நமஸ்காரம். இங்கே எல்லோரும் சௌக்கியம், முழங்காலைத் தவிர. அது தனி வீடு கட்டிக் குடியிருக்கிறது. கண் டாக்டர் புரை இன்னும் பழுக்கவில்லை என்கிறார். என் கண்ணைப் பலாப்பழம் போலத் தட்டிப் பார்க்கிறார்.

உங்கள் கடிதம் வந்த அன்றே போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் எடுக்காமல் இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும்.

தலைசுற்றல் என்று சொன்னது நான்தான். வேறு என்ன சொல்வது? எல்லோரும் கேட்டார்கள். கோபித்துக்கொண்டு போனார் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

அவன் மாமாவின் மேல் உயிரையே வைத்திருக்கிறான். புகழ்ந்துதானே பேசினான்? அரங்கத்தில் எப்படிக் கைதட்டினார்கள். உங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை; நாவலில் வரும் பெண்ணைப் பற்றித்தானே சொன்னான். கதைதானே அண்ணி. நாலு நாளில் மறந்துவிடுவார்கள்.

குளிர் அதிகமாக இருக்கிறது. காதை மூடிக்கொண்டு படுங்கள்.

உங்கள் சின்னவள்


பிப்ரவரி 10

அன்புள்ள மருமகனுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கருத்தரங்கில் விநியோகித்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். உன் தமிழ் நன்றாக இருக்கிறது. வாக்கியங்கள் மட்டும் மூச்சு விடாமல் ஓடுகின்றன.

நாவலில் மனைவிக்கு வேலை இல்லை. மத்தியானம் முழுக்கச் சோபாவில் படுத்து இங்கிலீஷ் பத்திரிகை படிக்கிறாள். நீ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, ‘உழைப்பிலிருந்து விலக்கப்பட்ட, நுகர்வையே அடையாளமாகக் கொண்ட நடுத்தர வர்க்கப் பெண்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த நாவலை எழுத உன் மாமா வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தார். அந்த வருஷங்களில் மத்தியானங்களில் சோபா யாருக்குப் பயன்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நான் எக்ஸ்சேஞ்சில் வெளியூர் லைன் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். காதில் ஹெட்போன். இரண்டு கையிலும் லைன்களை இணைக்கும் கயிறு. தண்ணீர் குடிக்கப் போவதற்குக்கூடக் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும். எனக்கு இப்போது பென்ஷன் வருகிறது. சோபாவில் படுத்ததற்கு யாரும் பென்ஷன் தருவதில்லை.

நாவலில் கதவு இடுக்கில் வளையல் போட்ட கை தெரிகிறது, கண்ணாடி வளையல் கலகலக்கிறது. அந்த வளையலுக்கு நீ ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறாய். எங்கள் வேலையில் கண்ணாடி வளையலுக்கு இடமில்லை. அதன் சத்தம் லைனில் போகும் என்று தடை. வேலையில் சேர்ந்த அன்று கழற்றியவள் பிறகு போடவில்லை. கைக்கடிகாரம்தான்.

நாவலைக் கொண்டு சமூகத்தைப் படிக்கலாம், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறவன் முதலில் ஜன்னலில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? புத்தகம் அச்சுக்குப் போவதற்குள் அந்த அத்தியாயத்தைத் திருத்து.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தை


பிப்ரவரி 24

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். நானும் வீட்டில் எல்லோரும் நலம். தங்கள் உடல்நிலை தேறியிருக்கும் என்று நம்புகிறேன்; தலைசுற்றலுக்கு ஒரு நல்ல நரம்பியல் மருத்துவரைத் தெரியும்.

தங்கள் கடிதம் என்னைச் சிந்திக்க வைத்தது. ஆனால் ஒரு அடிப்படையான வேறுபாட்டைச் சுட்டிக்காட்ட அனுமதியுங்கள். நாவலில் வரும் மனைவி தாங்கள் அல்ல. அவள் ஒரு வகைமாதிரி. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒரு வீட்டில் எத்தனை பேர் என்று சொல்லும். அவர்களில் யார் யாரைக் கண்டு கதவைச் சாத்தினார்கள் என்று சொல்லாது. அதை நாவல் மட்டுமே சொல்லும். அந்த வகையில் மாமாவின் நாவல் ஒரு தரவு. அவர் மனைவியை வேலைக்குப் போகாதவளாகக் காட்டியதும் தரவுதான். ஆகவே பிழை என்று ஒன்று அதில் இருக்க முடியாது.

வளையலைப் பொறுத்தவரை, மன்னிக்கவும், எனக்கே நினைவிருக்கிறது. நீல வளையல்கள். சங்கிலியில் உரசிய சத்தம். அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இதைத் தங்கள் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. அது காலத்தின் கட்டாயம். தனிமனிதர்களை நாங்கள் குறை சொல்வதில்லை.

நூல் ஜூன் மாதம் அச்சுக்குப் போகிறது. நிகழ்ச்சியில் நேரடியாக இருந்தவர்கள் எழுத்தில் ஏதாவது தந்தால் அடிக்குறிப்பாகச் சேர்க்க எனக்குத் தடையில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் இப்போது இருப்பது அம்மா மட்டும்தான். (தங்களையும் சேர்த்து.)

அன்பு மறவாத,
மருமகன்


மார்ச் 2

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம்தானே? உன் மகனுக்கு நீல வளையல்கள் நினைவிருக்கின்றனவாம். நாவலில் வளையலின் நிறம் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் அவன் அந்த நாவலை அட்டை கிழியும்வரை படித்தான். படித்ததைப் பார்த்ததாக நினைக்கிறான். கல்லூரியில் பாடம் எடுக்கிறவன் இப்படி நினைக்கலாமா என்று கேட்டால், நான் சண்டைக்காரியாகிவிடுவேன்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். அவன் ‘தங்களையும் சேர்த்து’ என்று அடைப்புக்குள் என்னைப் போட்டிருக்கிறான். நான் அன்றைக்கு அந்த வீட்டில் இல்லை. எனக்குப் பகல் டியூட்டி. இருட்டிய பிறகுதான் படியேறினேன். கூடத்தில் எந்தப் பெட்டியும் இல்லை, குழந்தையும் இல்லை. உன் அண்ணன் மேஜையில் எழுதிக்கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றும்போதே, “உங்க தங்கச்சி வந்தாளா?” என்று கேட்டேன். “இல்லையே, ஏன்?” என்றார், தலையைத் தூக்காமல். நான் நம்பினேன். இரண்டு வருஷம் கழித்து நாவலை அச்சில் படித்தபோதுதான் நீ வந்தாய் என்றே தெரிந்தது. “என்னங்க இது?” என்று கேட்டேன். “கதைதானே. கதைன்னுதானே படிப்பாங்க” என்றார்.

நான் இல்லாத வீட்டில் கதவைத் திறக்க இன்னொருவர்தான் இருந்தார். நீ வெளியே நின்றாய். சங்கிலிக்கு அந்தப் பக்கம் யாருடைய கை இருந்தது? ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போடு. அவன் அடிக்குறிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறான். அடிக்குறிப்பானாலும் பரவாயில்லை, பொடி எழுத்தைப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

வெயில் வந்துவிட்டது. நிறையத் தண்ணீர் குடி.

உன் அண்ணி


ஏப்ரல் 6

அன்புள்ள சின்னவளுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் மேல் பழி போட முடியாது. மின்சாரக் கட்டணச் சீட்டு தவறாமல் வருகிறது.

இந்த வாரம் நூலகத்துக்குப் போனேன். நூலகர் புதிதாக வந்த பெண். என் பெயரைப் பார்த்துவிட்டு, “நீங்கதானா அந்த சங்கிலிக் கதவு மேடம்? பேப்பர்ல உங்க மருமகன் பேட்டி வந்திருந்துதே. அந்தக் காலத்துல நீங்கள்லாம் அவ்வளவு ஸ்ட்ரிக்டா இருந்தீங்களா?” என்று சிரித்தாள். மரியாதையோடுதான் கேட்டாள். நான் எடுத்த புத்தகத்தை மேஜையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். எழுது.

உன் அண்ணி


ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

கடவுள் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு எழுதுவதென்றால் எனக்குப் பயம். பரீட்சைத் தாள் போலப் படிப்பீர்கள், மார்க் போட்டுத் திருப்பித் தருவீர்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் படம் என் மகனின் மேஜைக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறது. அவனுடைய அப்பா அவனுக்கு ஒரு பென்சில் வாங்கித் தந்ததில்லை. அவனைக் கையைப் பிடித்துக் கல்லூரிக்கு அழைத்துப் போனது அண்ணன். முதல் புத்தகம் வாங்கித் தந்தது அண்ணன். “மாமா மாதிரி ஒரு மனுஷன் இருக்க முடியாதும்மா” என்பான். அந்த ஒரு மனுஷனையும் அவனிடமிருந்து நான் எடுத்துவிட்டால் அவனுக்கு யார் மிச்சம்? அப்பாவா?

உங்களுக்குத் தோள் பலம் அதிகம் அண்ணி. இத்தனை வருஷம் சுமந்தீர்கள். அதை நான் பார்க்காமல் இல்லை.

உங்கள் கடிதத்தில் ஒரு இடம் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் ‘உங்க தங்கச்சி வந்தாளா’ என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்படவில்லை. அடுத்த வீட்டுக்குக்கூடத் தெரியாது. நான் வருவேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? செருப்பைக் கழற்றும்போதே ஏன் அந்தக் கேள்வி?

இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். ராத்திரி சீக்கிரம் படுங்கள்.

சின்னவள்


மே 5

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

வணக்கம். அனைவரும் நலம், அம்மாவின் மனநிலையைத் தவிர. சாப்பாட்டின்போது கதவைத் திறந்தது யார் என்று கேட்டேன். “உங்க அத்தைகிட்ட நான் ஒரு கேள்வி கேட்டிருக்கேன். அதுக்குப் பதில் வரட்டும்” என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். என்ன கேள்வி என்று சொல்ல மறுக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பந்தாடப்படுகிறேன்.

நிதானமாக யோசித்துப் பார்த்தேன். ஒரு வாதத்துக்காக, கதவைத் திறந்தது தாங்கள் அல்ல, வேறொருவர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆய்வின் முடிவு மாறாது. முக்கியமானது கதவும் சங்கிலியும். அவற்றைப் பிடித்திருந்த கை யாருடையது என்பது வாழ்க்கை வரலாற்றுக்குத் தேவைப்படலாம்; சமூகவியலுக்குத் தேவையில்லை.

அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்துவிட்டது. இனிப் பெரிய மாற்றங்கள் இயலாது.

அன்பு மறவாத,
மருமகன்


மே 12

அன்புள்ள மருமகனுக்கு,

நலம். நீயும் நலமாக இரு.

யார் கை என்பது தேவையில்லை என்று எழுதியிருக்கிறாய். நல்லது. அப்படியானால் மெய்ப்பை எடுத்து, அந்த அத்தியாயத்தில் ‘மனைவி’ என்று வருகிற இடத்தில் எல்லாம் ‘அண்ணன்’ என்று எழுதிப் படித்துப் பார். ‘படித்த அண்ணனின் தன்னலம்.’ ‘ஆங்கிலக் கல்வி அண்ணனின் நெஞ்சை உலர்த்திவிட்டது.’ ‘கூட்டுக் குடும்பத்தைக் கலைத்தவன் அண்ணன்.’ உனக்கே சிரிப்பு வரும். இப்படி எழுதினால் கருத்தரங்கில் யார் கைதட்டுவார்கள்? மனைவி என்று இருந்ததால் தட்டினார்கள். முடிவு மாறாது என்கிறாயே, உன் முடிவு நிற்பதே அந்த வளையல் கையின் மேல்தான்.

நான் நாவலைப் பொய் என்று சொல்லவில்லை. அதில் உண்மை இருக்கிறது. நீ தேடிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். தன் தங்கையைத் தானே திருப்பி அனுப்பிய ஒருவர், அதை மனைவி செய்ததாக எழுதினார். எழுதியதும் எல்லோரும் நம்பினார்கள். விமர்சனம் எழுதியவர்கள் நம்பினார்கள். என்னோடு பலகையில் தோளோடு தோள் உட்கார்ந்து வேலை பார்த்த பெண்கள் நம்பினார்கள். அந்தப் பகல்களில் நான் எங்கே இருந்தேன் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தும் ‘சங்கிலி அக்கா’ என்று கூப்பிட்டார்கள். இந்தத் தலைமுறையில் படிப்பாளியான நீயும் நம்பினாய், நினைவையும் சேர்த்துக்கொண்டாய். இப்படி ஒருவர்கூட நின்று கேட்காமல் நம்புகிற ஊர் எப்படிப்பட்ட ஊர்? நாவல் சமூகத்தைச் சொல்கிறது என்றால், அது சொல்வது இதைத்தான். இதை ஆராய்ச்சி செய். நானே முன்வரிசையில் உட்கார்ந்து கடைசிவரை கேட்கிறேன்.

மாமாவின் படத்தை எடுத்துவிடு என்று சொல்லவில்லை. நன்றாக எழுதினார். உனக்கு நல்லவராக இருந்தார். அதுவும் அந்தச் சமூகத்தில் அடக்கம்.

உன் அத்தை


மே 25

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியமா? நீங்கள் அவனுக்கு எழுதிய கடிதத்தை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். பாதியில் நிறுத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டான். இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. உங்கள் ஆசை நிறைவேறியது.

அவனுக்கு அவ்வளவு எழுதினீர்கள். நான் கேட்டதற்கு ஒரு வரி இல்லை. அதனால் நானே சொல்கிறேன்.

கதவைத் திறந்தது அண்ணன்தான். இடுக்கில் பாதி முகம் தெரிந்தது. “இப்ப வேணாம்மா. நான் எழுதிட்டிருக்கேன். அவளும் வேலைக்குப் போயிருக்கா. வீட்டுக்குப் போ, அப்புறம் பேசிக்கலாம்” என்றார். சங்கிலியை எடுக்கவில்லை. அவருக்கு என் புருஷன் வந்து தகராறு செய்வான் என்று பயம். எனக்கு அவர் மேல் அப்போது கோபம்கூட வரவில்லை. சின்ன வயதிலிருந்தே அண்ணன் அப்படித்தான். தெருவில் சண்டை என்றால் முதலில் வீட்டுக்குள் ஓடுவது அவர்.

கீழே மருந்துக்கடையில் போன் இருந்தது. இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும், போவதற்கு முன்னால் என் புருஷனிடம் சொல்லிவிட வேண்டும் என்று அவர் வேலை பார்த்த மில்லுக்கு வெளியூர் லைன் கேட்டேன். எண்ணைச் சொன்னேன். குழந்தை அழுதுகொண்டிருந்தான். லைனில் உங்கள் குரல்.

உங்கள் குரல் எனக்குத் தெரியாதா அண்ணி? “கொஞ்சம் இருங்க, இணைக்கிறேன்” என்றீர்கள். எனக்கு உயிர் வந்தது. அண்ணிக்குத் தெரிந்துவிட்டது, ஏதோ சொல்லப் போகிறார், ‘அங்கேயே இரு, நான் வருகிறேன்’ என்று சொல்லப் போகிறார் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு இருந்தேன். அடுத்துக் கேட்டது என் புருஷன் குரல்.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்த வாழ்க்கை உங்களுக்குத் தெரியும். அண்ணன் கதவைச் சாத்தினார். நான் திரும்பிப் போவதற்கு வழி போட்டுக் கொடுத்தது நீங்கள். நாவலில் பழி உங்கள் மேல் விழுந்தபோது நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? முழுக்கப் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

நீங்கள் எங்கள் பேச்சைக் கேட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

சின்னவள்


ஜூன் 1

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் முழங்காலையும் கண்ணையும் பற்றி இந்த முறை நீ ஒன்றும் எழுதவில்லை. இரண்டும் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

உன் குரல் என்று தெரியும். நீ மில்லின் எண்ணைச் சொல்லும் முன்பே தெரியும். எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் மேற்பார்வையாளர் நடந்துகொண்டே இருப்பாள். எந்த நேரமும் எங்கள் லைனில் அவளும் காது வைப்பாள். சொந்தக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசினால் அன்றைக்கே மெமோ. வீட்டில் சம்பளம் கொண்டுவருகிறவள் நான் ஒருத்தி. இதையெல்லாம் நீ ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று எழுதவில்லை. நீ கேட்டதால் எழுதுகிறேன். எல்லோருக்கும் நான் சொல்வது ‘இணைக்கிறேன்’ மட்டும்தான். ‘கொஞ்சம் இருங்க’ என்பது உனக்காகச் சேர்த்தது. அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை. அதை நீ எப்படி எடுத்துக்கொண்டாய் என்று போன வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

லைன் கொடுத்ததும் பலகையிலிருக்கும் சாவியைத் தட்டிவிட்டு, பேச்சு காதில் விழாதபடி லைனிலிருந்து வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. என் உத்தியோகத்தில் நான் யார் பேச்சையும் தங்கிக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். நீ மன்னிப்புக் கேட்டதுவரை கேட்டேன். உன் புருஷன் என்ன சொன்னார் என்பதைக் கேட்கவில்லை. அப்போது பலகையில் இன்னொரு அழைப்புக்கான விளக்கு எரிந்தது. பேசக்கூடாது என்ற விதியைக் காப்பாற்றினேன், கேட்கக்கூடாது என்ற விதியை மீறினேன். மாற்றிச் செய்திருக்கலாம் என்று நீ சொல்வாய். மார்க் போடுவது இந்த முறை உன் வேலை.

அதனால்தான் வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டேன். “இல்லையே” என்று உன் அண்ணன் சொன்னதும், மேற்கொண்டு ஒன்றும் கேட்க வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன்.

உன் கடிதத்தை உன் மகனுக்கு அனுப்பிவிட்டால் என் காரியம் முடிந்துவிடும். அனுப்ப மாட்டேன். எனக்கு எழுதியதை இன்னொருவருக்குக் காட்டுவது ஒட்டுக்கேட்பதைவிடக் கேவலம். நீயேதான் அவனுக்கு எழுத வேண்டும். கதவைத் திறந்தது யார் என்று எழுது. பிறகு போனில் பேசியது யார், என்ன சொன்னாள், நீ எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்பதையும் எழுது. இரண்டையும் சேர்த்தே எழுது. ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் அதுவும் நாவலாகிவிடும். நான் செய்ததற்கு என் பெயர் இருக்கட்டும். அவர் செய்ததற்கு என் பெயர் வேண்டாம்.

அவன் அச்சகத்தில் பேசி ஒரு வாரம் நிறுத்திவைத்திருப்பதாகச் சொன்னான். அவனே வந்திருந்தான். நாற்காலியில் உட்காராமல் கதவுப் பக்கமே நின்றான். சங்கிலி இப்போதும் இருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வளையலைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

நேற்று மாலை நீ போன் செய்தாய். நீயாகத்தான் இருக்க வேண்டும், அவ்வளவு நேரம் வேறு யாரும் விடாமல் அடிக்க மாட்டார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். போனில் வேண்டாம். எழுதித் தபாலில் சேர். எனக்கும் ஒரு வரி பதில் எழுது.

உன் அண்ணி